.308க்கு நான் வாங்கிய முதல் டப்பா வெடிமருந்து

டெக்ஸாஸில் ரைஃபிள் சுடப் பழகியபின், தோட்டாவின் காலி உறையில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்பலாம் என்று இறங்கினேன். உறையை அழுத்தும் பிரஸ், அதை வடிவுக்குக் கொண்டுவரும் டை, தராசு எல்லாம் சீக்கிரம் முடிவாகிவிட்டன. மருந்துதான் இழுத்தடித்தது. என் ரைஃபிள் சுடும் தோட்டா வகை .308 வின்செஸ்டர். யாரைக் கேட்டாலும் 'வார்கெட்' மருந்து என்றார்கள். கொரோனாவுக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலம் அது. போன கடைகளில் எல்லாம் வார்கெட் இருக்க வேண்டிய தட்டு காலியாகக் கிடந்தது.

கடையில் நின்றிருந்த ஒரு முதியவர், "உங்கள் குண்டின் எடைக்கு மருந்து அளவுக் கையேட்டில் என்னென்ன மருந்து போட்டிருக்கிறது, எழுதி வந்தீர்களா?" என்று கேட்டார். காகிதத்தை நீட்டினேன். மூன்று பெயர்களின் கீழ் கோடு போட்டார்: வார்கெட், ஐ.எம்.ஆர். 4064, எச் 4895. இவற்றில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதையேதான். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள், பட்டியலோடு போங்கள்.

எனக்குக் கிடைத்தது எச் 4895. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு கழித்துப்போட்ட 4895 மருந்தை வாங்கி விற்றுத்தான் இதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் நிறுவனர் புரூஸ் ஹாட்ஜ்டன் தன் தொழிலையே தொடங்கினார். ஐ.எம்.ஆர். 4895 என்றும் ஒரு மருந்து உண்டு. எண் ஒன்றுதான், மருந்து வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடவே கூடாது. பணம் கொடுக்குமுன் டப்பாவில் உள்ள முழுப் பெயரையும் வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

முதல் மருந்தில் நான் பார்க்கச் சொல்வது உறை எவ்வளவு நிரம்புகிறது என்பதை. .308 உறையில் இந்த மருந்து கழுத்தை நெருங்கி நிற்கும். கை தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து மேசையில் கொட்டிவிடும், கண் தப்பாது. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே சிறிதளவே போடுவதால், இரட்டை அளவும் உறைக்குள் அடங்கிவிடும். நொடியில் துப்பாக்கியும் கையும் போகும்.

எச் 4895இல் இன்னொரு வசதி. கையேட்டின் உச்ச அளவில் 60 சதவீதத்தை மட்டும்கூடப் போடலாம், அதற்குக் கீழே போகக் கூடாது என்று நிறுவனமே சொல்கிறது. தோளில் உதை குறைவதால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க நல்லது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. சில மருந்துகளில் தொடக்க அளவுக்குக் கீழே போவதும் ஆபத்துதான்.

நண்பரிடம் ஐ.எம்.ஆர். 4064 இருக்கிறது. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் மணிகள் குச்சி போல நீளமானவை. மருந்தை அளந்து ஊற்றும் கருவியின் பிடியைத் திருப்பும்போது மணிகள் நறுக்கென்று வெட்டுப்படுவது கையில் தெரியும். சில நேரம் குழாயில் குறுக்கே சிக்கிக்கொண்டு ஓர் உறையில் குறைந்தும் அடுத்ததில் கூடியும் விழும். அதனால் அவர் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார். எச் 4895இன் மணிகள் குட்டையானவை. இந்தத் தொல்லை குறைவு. உருண்டை மணி மருந்துகள் மணல் போல இறங்கும், ஆனால் பலவற்றில் வெயிலுக்கும் குளிருக்கும் குண்டின் வேகம் மாறும். டெக்ஸாஸ் கோடையில் அதை ஒதுக்கிவிட முடியாது.

ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிற்றளவு); .308க்கு 150 தோட்டாக்களுக்கு மேல் வரும். முதல் முறை ஒரு பவுண்டு போதும். எட்டு பவுண்டு ஜாடி மலிவுதான், உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்?

வேலை நடக்கும்போது மேசையில் ஒரே டப்பா மட்டும் இருக்க வேண்டும். மீந்ததை அன்றே அதே டப்பாவில் திருப்பி ஊற்றிவிடுங்கள். புளித்த வாடையோ செம்பழுப்புத் தூசியோ தெரிந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது. விலையைப் பார்க்காமல் கழித்துவிடுங்கள்.

பிறகு 6.5 கிரீட்மோர் தோட்டா சுடும் ரைஃபிள் வாங்கியபோது அதற்கான எச் 4350 மருந்து வந்தது. அதை வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.