மீனவக் கிராம வரைபடம்: கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் எங்களுடையது ஒரு மீனவக் கிராமம். கடலோரத்தில் எதைச் செய்யலாம், கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் குடியிருப்பு மட்டுமல்ல, மீன் காயவைக்கும் தளம் போன்ற பொது இடங்களும் இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கான வரைவைப் பார்த்தால் அங்கெல்லாம் வெறும் மணல். நாளைக்கு அந்த இடத்துக்கு வேறு திட்டம் வந்தால் எதைக் காட்டிப் பேசுவது?

அதனால் நாங்களே போன் ஜிபிஎஸ்ஸை வைத்து அளந்தோம். கருவாடு போடும் அக்காமார்கள் கூடவே நடந்து வந்தார்கள். "இங்கேருந்து அந்தப் பூவரச மரம் வரைக்கும் எங்க இடம். ஐப்பசியில கடல் ஏறுனா மேட்டுக்குத் தள்ளிப் போடுவோம்" என்று ஓரம் ஓரமாக நின்று காட்டினார்கள்.

இப்போது சிக்கல். வரைவின் பிடிஎஃப்பை கியூஜிஐஎஸ்ஸில் ஜியோரெஃபரன்ஸ் செய்து (அதாவது படத்தை நிஜ இடங்களோடு பொருத்தி) எங்கள் புள்ளிகளை மேலே போட்டால், எல்லாமே கிழக்கே நகர்ந்து பாதி கடலுக்குள் விழுகிறது. கோயில், பாலம் என்று இரண்டே இடங்களைத்தான் பொருத்தினேன். அது போதாதா, இல்லை ப்ரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டைப் படமாக்கும் முறை) தப்பா?

இன்னொன்று, பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் கருவாட்டுக் களத்தை ஒரே எல்லையாகக் காட்டுவதா, இரண்டாகவா? இரண்டுமே வேண்டும் என்பது என் எண்ணம். மேட்டு இடத்தை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானத்தோடு இந்தப் படத்தை இணைக்க வேண்டும். யாராவது ஒரு மணி நேரம் ஸ்க்ரீன் ஷேரில் வர முடியுமா? எந்த ராத்திரியானாலும் சரி, ஃபைல்களோடு காத்திருப்பேன்.