பேட்ச் டெஸ்டில் தியோமர்சால் பாசிட்டிவ்: குழந்தைக்கு ஊசி போடலாமா?

பாப்பா_அம்மா:
ஒன்றரை வயது, 10 கிலோ. தோல் அரிப்புக்காகச் செய்த பேட்ச் டெஸ்டில் (பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை) தியோமர்சால் பாசிட்டிவ். அது ஊசி மருந்தில் சேர்க்கும் பாதரசம் கலந்த கிருமிக்கொல்லியாம். அடுத்த வாரம் டிபிடி (டிப்தீரியா, கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டர், குப்பி லேபிளில் "தியோமர்சால் 0.01%" என்று இருக்கிறது. முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) பாக்கி. எதை நிறுத்துவது?

மருந்தாளுநர்:
இரண்டையுமே நிறுத்த வேண்டாம். 0.01% என்றால் 0.5 மி.லி. டோஸில் 50 மைக்ரோகிராம் தியோமர்சால். அதில் ஏறக்குறைய பாதி, 25 மைக்ரோகிராம், பாதரசம். இது எத்தில் வகை. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம்கூட ஆகாது. மீனில் சேரும் மெத்தில் வகைக்கு ஒன்றரை மாதம் பிடிக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள்.

பல டோஸ் குப்பியில் திரும்பத் திரும்ப ஊசி நுழைவதால் கிருமிக்கொல்லி தேவை. 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க்கில் அது இல்லாத டிப்தீரியா மருந்துக் குப்பியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா புகுந்து 12 குழந்தைகள் இறந்தார்கள். எம்எம்ஆரில் தியோமர்சால் கிடையவே கிடையாது, போட்டால் உயிருள்ள வைரஸ் செத்துவிடும். அதனால்தான் கரைத்த எம்எம்ஆர் குப்பியை 6 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை.

அலர்ஜி_டாக்டர்:
பேட்ச் டெஸ்ட் காட்டுவது இரண்டு நாள் கழித்து வரும் தோல் அலர்ஜியை. மிஞ்சிப்போனால் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கும். மூச்சை அடைக்கும் அனாஃபைலாக்சிஸ் வேறு ரகம், ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் வழியாக நிமிடக்கணக்கில் வருவது. மனம் ஒப்பவில்லை என்றால் தியோமர்சால் இல்லாத ஒற்றை டோஸ் சிரிஞ்ச் கேளுங்கள்.

எம்எம்ஆரில் எல்லா வைரஸையும் அல்ல, சிலவற்றை மட்டும் வளர்ப்பது கோழிக்கரு செல்களில். முட்டைப் புரதம் அதில் இல்லை என்றே சொல்லலாம். முட்டை அலர்ஜி கடுமையாக இருந்தாலும் முழு டோஸ் போடலாம், தோல் பரிசோதனை வேண்டாம். கேட்க வேண்டியது எம்எம்ஆரில் இருக்கக்கூடிய ஜெலட்டின், நியோமைசின் (ஒரு ஆன்டிபயாடிக்) பற்றி: இவற்றுக்கு முன்பு மூச்சுத்திணறல் வந்ததா? முந்தைய டோஸில் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்ததா? ஆம் என்றால் நிபுணரைப் பார்க்காமல் போடாதீர்கள்.

செவிலி_24:
போட்டபின் 30 நிமிடம் அங்கேயே இருங்கள். தடிப்போடு இருமல், இளைப்பு, விடாத வாந்தி, துவண்டுபோதல் என்று எது வந்தாலும் அட்ரினலின்தான்: கிலோவுக்கு 0.01 மி.கி. உங்கள் குழந்தைக்கு 1 மி.லி.க்கு 1 மி.கி. மருந்தில் 0.1 மி.லி., நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவையானால் 5 நிமிடத்தில் மறுபடி.

தப்பு நடப்பது இன்சுலின் சிரிஞ்சில் அளக்கும்போது. 1 மி.லி.க்கு 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட் குறி, 100 யூனிட் சிரிஞ்சில் 10 யூனிட் குறி. அதிலேயே ஒட்டியிருக்கும் குட்டை ஊசி தசைவரை எட்டாது, 25 மி.மீ. ஊசி வேண்டும்.

பாப்பா_அம்மா:
முன்கூட்டியே செட்ரிசின் (அலர்ஜி மருந்து) கொடுத்துவிட்டுப் போகலாமா?

அலர்ஜி_டாக்டர்:
வேண்டாம். தடிப்பை மட்டும் அமுக்கும், முதல் அறிகுறி கண்ணுக்குத் தெரியாமல் போகும். மூச்சுக்குழாய் இறுகுவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அது தடுக்காது.