புதுப்பிப்பு: கச்சான் காற்றில் ஒட்டும் சேலை

வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் அக்காவின் பொலியெஸ்டர் சேலை நைலோன் உள்பாவாடையோடு ஒட்டிக்கொள்கிறது, பிரித்தால் சடசடக்கிறது, கைமயிர் எழும்புகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். உரசினால்தானே மின்னேற்றம் வரும் என்று கேட்டிருந்தீர்கள். வேறுவேறு பொருட்கள் தொட்டுப் பிரிந்தாலே போதும். உரசல் தொடும் இடங்களைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். நைலோனுக்கு நேரேற்றம் (+), பொலியெஸ்டருக்கு மறையேற்றம் (−). எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும், அதனால்தான் சேலை ஒட்டுகிறது. எது எதனோடு எந்த ஏற்றம் பெறும் என்று சுவீடன் விஞ்ஞானி வில்கே 1757இலேயே வரிசைப்படுத்திவிட்டார்!

சரி, இப்போது பருத்திப் பாவாடைக்கு மாறியாயிற்று. திருகோணமலை உப்புவெளியில் அதே வறண்ட காற்றுத்தான், ஆனால் சேலை காலைச் சுற்றவில்லை. பருத்தி ஈரம் பிடித்து வைத்திருப்பதால் ஏற்றம் தங்காமல் கசிந்துவிடும். அவசரத்துக்கு நைலோன் பாவாடையின் வெளிப்புறத்தை ஈரக்கையால் தடவுங்கள், காயும்வரை தாங்கும்.