சிவாலய ஓட்டம்: மாரத்தான் பயிற்சி மட்டும் போதுமா?

தெற்குக்காற்று:
ஒரு நேர்த்திக்கடனுக்காக வரும் மகா சிவராத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடிப்போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டம் ஓட வேண்டும். 21 கிலோமீட்டர் வரை ஓடும் பழக்கம் உண்டு, ஷூ போட்டு, தார்ச்சாலையில். பன்னிரண்டு கோயிலையும் கால்நடையாகவே முடிக்க வேண்டும் என்றால் வேகம், கால், சாப்பாடு எல்லாவற்றையும் எப்படித் திட்டமிடுவது? கைக்கடிகாரம் கட்டி ஓடலாமா?

கோதையாற்றங்கரை:
முதலில் வரிசை. முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். இதை மாற்றக் கூடாது. மொத்தம் 110 கிலோமீட்டர் என்பது பொதுக்கணக்கு; தோட்டத்து வழி, வயல்வரப்பு வழி தெரிந்த கூட்டத்தோடு போனால் குறையும். செல்போன் வரைபடம் கார் போகும் ரோட்டைத்தான் காட்டும், அதை நம்பிப் போனால் சுற்றுதான்.

சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகலில் முஞ்சிறையில் கிளம்பி மறுநாள் இரவு பத்து மணிவாக்கில் நட்டாலம் சேர்வதாக வையுங்கள். ஏறத்தாழ 30 மணி நேரம். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்துணியோடு வரிசையில் நின்று கும்பிட அரை மணி வைத்தால் 6 மணி நேரம் அதற்கே போகும். மீதி 24 மணியில் 110 கிலோமீட்டர் என்றால் மணிக்கு நாலரைதான் வருகிறது, அதாவது விரைநடை. சமதரையிலும் இறக்கத்திலும் ஓடுங்கள், ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள். திக்குறிச்சி தாண்டினால் ரப்பர் தோட்டமும் மேடுபள்ளமும்தான். முதல் 20 கிலோமீட்டரை மாரத்தான் வேகத்தில் ஓடுகிறவர்கள் பொன்மனைக்கு அப்புறம் தொடை இறுகி நின்றுவிடுவது இதனால்தான்.

தேய்பிறைக் கடைசி என்பதால் இரவில் நிலா வெளிச்சம் கிடையாது. நெற்றி விளக்கு ஒன்று, முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒன்று கட்டாயம். கோயிலுக்குக் கோயில் வண்டியில் போகிற கூட்டமும் அதே ரோட்டில்தான் வரும். குளத்துப் படியில் பாசி இருக்கும். கடைசி இரண்டு படியை உட்கார்ந்து இறங்குவது நல்லது.

குதிகால்:
காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெறுங்காலில் ஓடுவதுதான் மரபு. ஷூவில் பழகிய காலை நேரே அங்கே கொண்டுபோனால் முன்பாத எலும்பில் விரிசல் விழலாம், கெண்டைக்கால் தசைநார் வீங்கலாம். மூன்று மாதம் முன்பே மண்தரையில் பத்து நிமிட வெறுங்கால் நடையில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். தோல் தடிப்பதைவிட எலும்பு பழகத்தான் காலம் பிடிக்கும். இப்போதே நாள் குறைவென்றால் வார் வைத்த செருப்போடு போய்க் கோயில் வாசலில் கழற்றுங்கள்.

பன்னிரண்டு முறை குளிப்பதால் பாதத்தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும், அந்தத் தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். கும்பிட்டு வெளியே வந்ததும் விரல் இடுக்கை உலர்ந்த துவர்த்தால் (துண்டால்) ஒற்றி எடுத்துத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தொடை இடுக்குக்கும் அதேதான். ஈரவேட்டி உரசி ரத்தம் கசிந்த பிறகு தடவுவதில் பிரயோஜனம் இல்லை.

வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் தேன் நிறத்துக்கு வந்தால் உட்கார்ந்து குடியுங்கள். கட்டங்காப்பி (பால் விடாத காப்பி) நிறத்தில் போனால் ஓட்டத்தை நிறுத்தி அப்போதே ஆஸ்பத்திரி.

தெற்குக்காற்று:
மிக்க நன்றி. வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்களாமே, கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாமா? பனையோலை விசிறி அவசியமா?

நட்டாலத்தான்:
கொடுப்பார்கள், மனசாரக் கொடுப்பார்கள். அதற்காக எல்லா இடத்திலும் டம்ளரை நிரப்பக் கூடாது. அடுத்தடுத்துப் பானகம் குடித்தால் வயிறு கலங்கும். வெறும் தண்ணீரையே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். விரல் வீங்கும், தலை வலிக்கும், பேச்சு குழறும். வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து. உப்புப் போட்ட கஞ்சி, உப்பு மோர் இரண்டையும் விடாதீர்கள். தாகத்துக்கு ஏற்ப மணிக்கு அரை லிட்டர் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு மடியில் இருக்கட்டும், பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

விசிறி அவசியம். கோயிலில் சாமிக்கு வீசுவதற்கு அது. காவித்துணி, திருநீறும் காசும் போட ஒரு சின்னப் பை, விசிறி: கோவிந்தமாரின் (ஓடுகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள்) கையில் இவ்வளவுதான் இருக்கும். மாலை போட்டு ஒரு வாரமாவது விரதம் இருப்பது வழக்கம். விரதத்தில் சாப்பாடு குறையும், ஆகவே நீள ஓட்டப் பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். ஒருவர் "கோவிந்தா" என்று கூப்பிட, கூட்டம் "கோபாலா" என்று எடுக்கும். பாதி மனிதன், பாதி மிருகமான சிவபக்தப் புருஷாமிருகத்திடம் பால் வாங்கப் போன பீமன் இப்படிக் கூவிக்கொண்டே ஓடினான், அது துரத்தி நெருங்கும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த ருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே போட்டான், விழுந்த பன்னிரண்டு இடமும் சிவாலயம் ஆயிற்று என்பது ஐதீகம். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் வாயில் பெருமாள் பெயர் வந்தது அப்படி. உங்களுக்கு வேக அளவும் அதுவே. மூச்சு வாங்காமல் முழுசாகக் கூப்பிட முடிகிற வேகம் 30 மணி நேரம் தாங்கும். குரல் பாதியில் உடைந்தால் நடைக்கு இறங்குங்கள். நேர்த்தி நன்றிக்காக என்றால் அந்தக் குரல் கடைசிக் கோயில்வரை நிற்க வேண்டும் அல்லவா? பானகம் நீட்டுகிறவரிடமும் நின்று கும்பிட்டு வாங்குங்கள், அரை நிமிடம்தான் ஆகும்.

நட்டாலத்தில் கும்பிட்டு முடித்ததும் பைக் எடுத்து ஊர் திரும்பாதீர்கள். இரண்டு ராத்திரித் தூக்கம் கெட்டிருக்கும். வண்டி ஓட்ட வேறு ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.