மலேரியா ஆய்வுகளில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் ஏன் தெளிவாகத் தெரிவதில்லை?

உயிரிமாணவி:

வணக்கம். முதுகலைக் கருத்தரங்குக்கு மனித மரபணு வேறுபாடும் மலேரியாவும் என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணுவைப் பற்றிய பகுதியில் எனக்குக் குழப்பம் இல்லை. தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு மலேரியாவிலிருந்து காக்கலாம் என்று 1949இல் மரபியலாளர் ஹால்டேன் முன்வைத்த யோசனை, அரிவாள் செல் மரபணுவுக்கு 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டனி அலிசன் காட்டிய சான்று, அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையால் கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 90% குறைகிறது என்பது வரை எல்லாம் நேராகப் போகிறது. நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கு வந்ததும்தான் தலை சுற்றுகிறது. 1991இல் காம்பியாவில் ஏட்ரியன் ஹில் குழு எச்.எல்.ஏ என்ற நோயெதிர்ப்பு மரபணுத் தொகுப்பின் பி53 என்ற வடிவம் இருக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா சுமார் 40% குறைவு என்றது. ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் ரத்தச் சிவப்பணு மரபணுக்கள்தான் மேலே வருகின்றன, எச்.எல்.ஏ அந்தத் தெளிவோடு வரவே இல்லை. அப்படியானால் பழைய முடிவைத் தவறென்று எடுத்துக்கொள்வதா? நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கு மலேரியாவில் பெரிய பங்கு இல்லையா?

ஆய்வகவாசி:

பங்கு இல்லை என்ற முடிவுக்குத் தாவிவிடாதீர்கள். முதலில் ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொசு கடித்ததும் அது கல்லீரலுக்குப் போய் ஒரு வாரம் போலத் தங்குகிறது, அப்புறம்தான் சிவப்பணுவுக்குள் நுழைகிறது. பி53 போன்ற முதல் வகை எச்.எல்.ஏ மூலக்கூறுகள் செல்லுக்குள் இருக்கும் அந்நியப் புரதத் துண்டுகளைக் கொல்லி டி செல்களுக்கு, அதாவது தொற்றுள்ள செல்லை அழிக்கும் வெள்ளணுக்களுக்கு, காட்டுபவை. கல்லீரல் செல்லில் அவை உண்டு, முதிர்ந்த சிவப்பணுவிலோ கிட்டத்தட்ட இல்லை. ஆக கொல்லி டி செல்லால் ஒட்டுண்ணியை நேரடியாக மடக்க முடிகிற காலம் அந்தக் கல்லீரல் கட்டம் மட்டும்தான். 1992இல் அதே குழு, கல்லீரல் கட்டத்தில் ஒட்டுண்ணி தயாரிக்கும் ஒரு புரதத்தின் துண்டை பி53 பிடித்துக் காட்டுவதையும் கண்டது, அதனால் 1991 முடிவுக்குப் பின்னால் ஒரு வழிமுறையும் இருக்கிறது. கருத்தரங்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் வெறும் சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சிவப்பணு மரபணுக்கள் கதை வேறு. ஒட்டுண்ணி குடியேறும் வீட்டையே அவை மாற்றிவிடுகின்றன. டஃபி புரதம் சிவப்பணுவின் மேல் இல்லாதவர்களுக்கு வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி பெரும்பாலும் தொற்றுவதில்லை, டான்டு ரத்த வகையில் சிவப்பணுவின் மேலுறை இறுக்கம் கூடி ஒட்டுண்ணியால் உள்ளே நுழைவது கடினமாகிறது, ஓ ரத்த வகையில் பாதிக்கப்பட்ட செல்கள் மற்ற செல்களோடு கொத்தாக ஒட்டிக்கொள்வது குறைகிறது. இப்படி நேரடியாக வேலை செய்யும் மரபணுவின் விளைவு பெரிதாகவும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவும் இருக்கும், அதனால் எந்த ஆய்வும் எளிதில் பிடித்துவிடும்.

எண்கணக்கு:

மரபணுப் புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நீங்கள் சொல்லும் பெரிய ஆய்வு 2014இல் மலேரியாஜென் கூட்டமைப்பு வெளியிட்டது என்று நினைக்கிறேன். கடுமையான மலேரியா வந்த 11,890 பேர், ஒப்பீட்டுக்கு 17,441 பேர், 12 இடங்கள். முன்பு சிறு ஆய்வுகளில் பேர் வாங்கிய பல நோயெதிர்ப்பு மரபணு வேறுபாடுகள் அதில் நிற்கவில்லை. சிவப்பணுவோடு தொடர்புள்ள ஹீமோகுளோபின், ஏபிஓ, ஜி6பிடி, ஏடிபி2பி4 மரபணுக்கள் நின்றன. நோயெதிர்ப்பு பக்கத்தில் சிடி40 லிகாண்ட் மரபணு மட்டும் ஓரளவு தெரிந்தது, அதுவும் இடத்துக்கு இடம் வேறு மாதிரி.

ஆனால் அந்த முறை எச்.எல்.ஏவுக்குக் கை கொடுக்கிற முறையே இல்லை. எச்.எல்.ஏ பகுதியில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன, பி53 மேற்கு ஆப்பிரிக்காவில் சகஜம், ஐரோப்பியர்களிடம் அரிது, ஆப்பிரிக்காவுக்குள்ளேயே ஒரு மக்கள்குழுவில் எந்த எச்.எல்.ஏ வடிவம் எந்தக் குறியீட்டுப் புள்ளியோடு (ஆய்வில் அளக்கும் டி.என்.ஏ இடம்) சேர்ந்து வருகிறது என்பது அடுத்த குழுவில் மாறிவிடும். ஒரே புள்ளியை வைத்துப் பன்னிரண்டு இடத்தையும் ஒன்றாகக் கூட்டினால் உண்மையான விளைவும் கரைந்துபோகும். எனவே 1991 முடிவு தவறென்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, உலகம் முழுவதற்கும் பொதுவான விதி என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் கென்யாவின் கிலிஃபியில் நடந்த குடும்ப ஆய்வைப் பாருங்கள், 2005. குழந்தைகளுக்கு மலேரியா வரும் வேறுபாட்டில் சுமார் கால் பங்கு மரபணுவால், ஆனால் அரிவாள் செல் மரபணு விளக்கியது வெறும் 2% போலத்தான். மீதி எங்கோ சிதறிக் கிடக்கிறது, அதில் நோயெதிர்ப்பு மரபணுக்களின் சிறு சிறு விளைவுகள் நிறைய இருக்கும் என்பது என் அனுமானம்.

குழந்தைநலம்:

என்னைக் கேட்டால் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பு முழுமையாகாது. புர்கினா ஃபாசோவில் ஒரே பகுதியில், ஏறக்குறைய ஒரே அளவு கொசுக்கடியோடு வாழும் மற்ற குழுக்களைவிட இவர்களிடம் ஒட்டுண்ணியும் குறைவு, காய்ச்சலும் குறைவு. அரிவாள் செல் போன்ற சிவப்பணு மரபணுக்கள்தான் காரணம் என்று நினைத்தால், அவை இவர்களிடம் குறைவாகவே இருக்கின்றன! மாறாக மலேரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி அதிகம், மண்ணீரல் வீங்கியிருப்பதும் அதிகம், எதிர்ப்பை அடக்கிவைக்கும் டி செல்களின் செயல்பாடு தளர்ந்திருப்பதும் தெரிந்தது. அதாவது இங்கே நோயெதிர்ப்பு மண்டலமே வேறு வேகத்தில் ஓடுகிறது.

அந்த வேகத்துக்கு விலையும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஃப்சிஜிஆர்2பி மரபணுவின் ஒரு வடிவம் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்கான தடையைத் தளர்த்துகிறது. அதன் இரண்டு பிரதியும் உள்ள கென்யக் குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா குறைவு, அதே வடிவம் வேறு மக்களிடம், நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயோடு சேர்ந்து வருகிறது. இன்னொன்று, காம்பியாவில் 1994இல், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் மரபணுவின் ஒரு வடிவம் இரண்டு பிரதியாக உள்ள குழந்தைகளுக்கு மூளை மலேரியாவால் இறப்போ கடும் நரம்புப் பாதிப்போ வரும் ஆபத்து ஏழு மடங்கு என்று வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இதை ஒரே சீராக உறுதிப்படுத்தவில்லை, ஆனால் கேள்வி சரியான கேள்வி: எதிர்ப்பு பலமாக இருப்பது எப்போதும் நல்லதல்ல, மூளை மலேரியாவில் நம் அழற்சியே சேதத்தில் பங்கெடுக்கிறது. ஒட்டுண்ணியைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள்.

உயிரிமாணவி:

ரொம்ப நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. பி53 அவ்வளவு நல்லதென்றால் இயற்கைத் தேர்வு அதை ஏன் எல்லோரிடமும் பரப்பிவிடவில்லை?

ஆய்வகவாசி:

ஒட்டுண்ணி சும்மா இருப்பதில்லையே. ஒரு எச்.எல்.ஏ வடிவம் அதிகம் பேரிடம் பரவினால், அதனிடம் சிக்காத புரதத் துண்டுள்ள ஒட்டுண்ணிக்கு லாபம், அது பெருகும், அப்போது வேறு வடிவத்துக்கு மவுசு வரும். தவிர அதே எச்.எல்.ஏதான் காசநோயையும் மற்ற கிருமிகளையும் எதிர்கொள்ள வேண்டும். ஒட்டுண்ணி மாறுவதற்கு நல்ல சான்று 2022இல் சிவப்பணு பக்கத்திலிருந்தே வந்தது: காம்பியாவிலும் கென்யாவிலும் அரிவாள் செல் மரபணு இருந்தும் கடுமையான மலேரியா வந்த குழந்தைகளிடம் இருந்த ஃபால்சிபாரத்தில் சில குறிப்பிட்ட மரபணு வடிவங்கள் மிக அதிகமாக இருந்தன. அந்த ஒட்டுண்ணிகளுக்கு எதிராக அரிவாள் செல் மரபணுவின் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. மனித மரபணுவை மட்டும் படித்தால் பாதிப் படம்தான், இரண்டு பக்கத்தையும் ஒரே நோயாளியிடம் வாசிக்கும் ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள்.

குழந்தைநலம்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம், தயவுசெய்து கவனியுங்கள். அரிவாள் செல் மரபணு ஒரு பிரதி இருப்பவருக்கும் மலேரியா வரும், தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் அவருக்கும் வேண்டும். இரண்டு பிரதியும் உள்ள அரிவாள் செல் நோயாளிக்கு மலேரியா வந்தால் உயிருக்கே ஆபத்து, காய்ச்சல் என்றதும் தாமதிக்காமல் பரிசோதனை செய்யுங்கள். எச்.எல்.ஏ பரிசோதனை எடுத்து எனக்கு மலேரியா வருமா என்று பார்ப்பதில் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை.