கோடை உரத் தடை: மஞ்சளாகும் புல்தரைக்கு என்ன செய்வது?

கேள்வி – புதுக்குடி:
புளோரிடாவின் பினெல்லாஸ் கவுண்டியில் அண்மையில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறோம். முன்பக்கப் புல்தரை திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. உரம் வாங்கச் சென்றால், ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நைட்ரஜனோ பாஸ்பரஸோ கலந்த உரத்தைப் புல்தரைக்கு இடக் கூடாது என்கிறார்கள். எங்கள் வீட்டருகே ஓடையோ ஏரியோ கிடையாது. அப்படியிருக்க, புல் நன்றாக வளரும் மழைக்காலத்தில் இந்தத் தடை எதற்கு?

பதில் – கரையோரன்:
வீட்டருகே ஓடை இல்லாவிட்டாலும் தெருமுனையில் மழைநீர் வடிகால் இருக்குமே! அதில் இறங்கும் நீர் சாக்கடை நீரைப் போலச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதில்லை. பெரும்பாலும் அப்படியே ஓடை வழியாக வளைகுடாவில் கலந்துவிடுகிறது. இங்கு கோடையில் பிற்பகல்தோறும் இடியுடன் கொட்டும் மழை, காலையில் தூவிய உரத்தை மாலைக்குள் கரைத்துக்கொண்டு போய்விடும். உப்புநீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது நைட்ரஜன்தான். பாசி பெருகினால் வெயில் அடிநீருக்கு எட்டாமல் கடற்புல் மடிகிறது. பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. 2021-இல் புளோரிடாவில் ஏறத்தாழ 1,100 மனாட்டிகள் (கடற்புல் மேயும் பெரிய நீர்வாழ் பாலூட்டிகள்) இறந்தன. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்ததால் பட்டினி கிடந்து மாண்டவை அவற்றுள் பல. அந்தக் காயல் சீரழிந்ததற்குக் கழிவுநீர்த் தொட்டிகளும் காரணம் என்பது உண்மை. ஆனால் நம் கையால் உடனே நிறுத்தக்கூடியது உரம்தான்.

பதில் – வேரடி:
தடையின் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. எனினும், செழித்து வளரும் புல் கோடையில்தான் நைட்ரஜனை மிகுதியாக உறிஞ்சுகிறது என்றும், பட்டினி போட்ட புல்தரை மெலிந்துபோனால் மண்ணும் சத்தும் இன்னும் எளிதாக அடித்துச் செல்லப்படும் என்றும் புல்தரை ஆய்வாளர்கள் சிலர் வாதிடுவதைத் தள்ளிவிட முடியாது. என்னைக் கேட்டால், தடைக்கு முன் வசந்த காலத்தில், மெதுவாகக் கரையும் நைட்ரஜன் உரத்தை அளவோடு இடுவதே நல்லது. மூட்டையின் மீதுள்ள மூன்று எண்களில் நடுவிலிருப்பது பாஸ்பரஸைக் குறிப்பது. அது சுழியமாக இருக்கட்டும். மண் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலன்றி இங்கு எந்த மாதத்திலும் பாஸ்பரஸ் இட அனுமதியில்லை.

பதில் – கரையோரன்:
வேரடி ஐயா சொல்வது நன்கு பராமரித்த புல்தரைக்குப் பொருந்தும். எங்கள் தெருவிலோ தூவும் வண்டியை நடைபாதை மீதே தள்ளிச் செல்கிறார்கள்; மழை விட்டபின் பார்த்தால் வெள்ளைக் குருணைகள் வடிகால் கம்பிகளின் இடுக்கில் ஒட்டிக்கிடக்கின்றன. அத்தகைய தெருவுக்கு, நாள் குறித்த தடையே பலன் தரும்.

புதுக்குடி அவர்களே, இப்போதைக்கு நைட்ரஜன் இல்லாத இரும்புச் சத்தைத் தெளிக்கலாம்; அதற்குத் தடையில்லை. வெட்டிய புல்லை அங்கேயே விட்டுவிடுங்கள், அதுவே மட்கி உரமாகும். மேலும், உங்கள் பாசனக் குழாய் ஊதா நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சுத்திகரித்த கழிவுநீர். அதிலேயே நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவு இருக்கும்.

புதுக்குடி:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன், குழாயின் மூடி ஊதாதான். உரம் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, மண் மாதிரி எடுத்து அனுப்பப் போகிறேன்.