தலைக்காயத்துக்குப் பிறகு போனும் ஆப்பும்: உங்கள் வீட்டில் எது உதவியது?

என் வீட்டுக்காரருக்கு பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. நெற்றிப் பக்கம் ரத்தம் கட்டி ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். காலையில் மாத்திரை போட்டாரா என்றால் மட்டும் தெரியாது. வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு ஆப் சொன்னார்கள். மாத்திரைக்கு ஒன்று, ரிப்போர்ட் சேர்த்து வைக்க ஒன்று. ஒன்றில் நுழையவே ஓ.டி.பி. வேண்டும். அந்த ஆறு இலக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போவதற்குள் அவருக்கு மறந்துவிடும். அவராக நினைத்துத் திறக்க வேண்டிய எதுவும் அவருக்குப் பயன்படாது. தானாக வந்து கூப்பிடுவதுதான் வேண்டும்.

அதனால் போனிலேயே இருக்கும் காலண்டரை இருவரும் பகிர்ந்து வைத்திருக்கிறோம். நான் ஆபீசிலிருந்தே அதில் எழுதலாம். காலையில் மணி அடித்தால் "மாத்திரை" என்று வராது. "சாப்பாட்டு மேசை, நீல டப்பா, காலைக் கட்டம், இரண்டு மாத்திரை, தண்ணீர்" என்று வரும். வெறும் "மாத்திரை" என்று இருந்தால் மணியை அணைத்துவிட்டு அடுக்களை வரை போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிடுவார்.

இது பழைய வழிதான் என்றார் தெரபிஸ்ட். அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட மகனுக்காக என்ஜினியரான ஓர் அப்பா, ஒரு நரம்பியல் உளவியலாளரோடு சேர்ந்து பேஜரில் (செய்தி வந்தால் ஒலிக்கும் பழைய சின்னக் கருவி) இதைச் செய்தாராம். பெயர் நியூரோபேஜ். இங்கிலாந்தில் 143 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. முழுவதும் கலந்துகொண்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அன்றாட வேலைகளை முன்பைவிட ஒழுங்காகச் செய்தார்கள். ஓர் அப்பா யோசித்தது என்பதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

பதில், கோவையிலிருந்து:
அக்கா, அடிபட்டவன் நான்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை கனத்துவிடும், அப்புறம் அன்றைக்கு எதுவும் ஓடாது. வெளிச்சத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, மருந்து மணியையும் வீட்டாரின் அழைப்பையும் தவிர மற்ற எல்லா அறிவிப்பையும் நிறுத்திவிட்டேன். டைப் செய்வதில்லை, தமிழில் பேசினாலே எழுதிக்கொள்கிறது. டாக்டரோடு வீடியோவில் பேசும் நாளில் கேள்விகளை முந்தின நாளே சொல்லி வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் யோசித்தால் ஒன்றும் வராது.

ஒன்று கேட்கலாமா? காலண்டரை மாற்றும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டு மாற்றுகிறீர்களா? என் போனில் என்னைக் கேட்காமல் ஏதாவது மாறியிருந்தால், எனக்கு ஞாபகம் போய்விட்டதோ என்று பயந்துவிடுவேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மா போனில் பார்க்கிறார். அதற்குச் சம்மதித்தது நான். அது எனக்கு முக்கியம்.

பதில், மதுரையிலிருந்து:
என் தம்பிக்கு அடிபட்ட பிறகு ஃபிட்ஸ் வர ஆரம்பித்தது. எங்களுக்குப் பெரிய உதவி போன் கேமராதான். ஒருவர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைப்பார், இன்னொருவர் வீடியோ எடுப்பார். எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் அதிலேயே பதிந்துவிடும். 5 நிமிடம் தாண்டினால் 108தான். "கையை இழுத்துச்சு டாக்டர்" என்று நாங்கள் சொல்வதைவிட அந்த வீடியோ அவருக்கு நிறையச் சொன்னது.

கோபம் வரும் நாளையும் போனில் தேதி போட்டுக் குறித்து வந்தோம். ஃபிட்ஸுக்குக் கொடுக்கும் லெவெட்டிராசெட்டம் மாத்திரையின் டோஸ் கூட்டிய வாரத்திலிருந்து எரிச்சல் அதிகம் என்று அந்தக் குறிப்பில்தான் தெரிந்தது. சிலருக்கு அப்படி வரும் என்று சொல்லி டாக்டர் மருந்தை மாற்றினார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் திரும்ப வரலாம்.

அப்புறம், புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கும்போது "யோசிச்சுப் பாரு" என்று விடக்கூடாது என்றார் எங்கள் தெரபிஸ்ட். ஞாபகம் பலவீனமாக இருப்பவருக்குத் தப்பாக அழுத்தியதும் பதிந்துவிடுமாம். விரலைப் பிடித்து, சரியான பட்டனை மட்டும், தினமும் அதே வரிசையில்.

முதலில் எழுதியவர்:
கோவைத் தம்பி, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றுவோம் என்றார். ஓய்வு மணியை நாலிலிருந்து மூன்றரைக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். மதுரைத் தோழி, இவருக்கும் அதே மருந்துதான். அடுத்த ரிவ்யூவுக்குள் கோபக் குறிப்பை எழுத ஆரம்பிக்கிறேன்.